தானாகத் துடித்த ஒட்டு: மாரடைப்புத் தழும்பில் புதுத் தசை வைத்தபோது தாளம் கெட்டது ஏன்?

சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் மரியின் குழு 2018-இல் ஒரு முடிவை வெளியிட்டது. மக்காக் குரங்குகளுக்கு மாரடைப்பை உண்டாக்கி, ஆய்வகத்தில் வளர்த்த மனித இதயத்தசைச் செல்கள் 75 கோடியை அவற்றின் இதயத் தழும்புக்குள் ஊசியால் செலுத்தியிருந்தார்கள். நான்கே வாரத்தில் இடது கீழறையின் இஎஃப் (ஒரு துடிப்புக்கு வெளியே தள்ளப்படும் ரத்தத்தின் சதவீதம்) 10.6 புள்ளி ஏறியது. செல் பெறாத குரங்குகளில் ஏற்றம் 2.5 புள்ளிதான். மூன்று மாதம் வரை பார்த்தவற்றில், செல் பெற்றவை மேலும் 12.4 புள்ளி ஏறின, பெறாதவை 3.5 புள்ளி இறங்கின. மாரடைப்புக்குப் பிந்தைய எந்த மருந்திலும் இப்படி ஓர் ஏற்றத்தைப் பார்ப்பது அரிது.

அதே கட்டுரையில் இன்னொரு செய்தியும் இருந்தது. செல் பெற்ற குரங்குகளில் சிலவற்றுக்குக் கீழறையிலிருந்தே கிளம்பும் தாளக்கேடு வந்தது. இதயம் பலமாகிக்கொண்டிருந்த அதே நாட்களில் இசிஜி கெட்டுக்கொண்டிருந்தது. இங்கே பார்க்கப்போவது அந்த இரண்டாவது செய்தியைத்தான். அது எங்கிருந்து வந்தது, யார் எப்படிக் கண்டுபிடித்தார்கள், மரபணுத் திருத்தம் அதை எந்த அளவுக்கு அடக்கியது, எது இன்னும் பாக்கி என்று வரிசையாகப் பார்க்கலாம்.

தழும்பு ஏன் தசையாவதில்லை

இஎஃப் என்பது எக்கோ ரிப்போர்ட்டில் எல்லோரும் முதலில் தேடும் எண். கீழறையில் நிறைந்த ரத்தத்தில் ஒரு துடிப்புக்கு எத்தனை சதவீதம் வெளியே தள்ளப்படுகிறது என்பதே அது. ஆரோக்கியமான இதயத்தில் 55-க்கு மேல் இருக்கும். பெரிய மாரடைப்புக்குப் பிறகு 40-க்குக் கீழே போவது சாதாரணம்.

இடது கீழறையில் 200 முதல் 400 கோடி தசைச் செல்கள் இருக்கின்றன. பெரிய அடைப்பு ஒன்று சில மணி நேரத்தில் 100 கோடி வரை கொன்றுவிடும். செத்த இடத்தை நார்த்திசு மூடும். நார்த்திசு கிழியாமல் தாங்கும், சுருங்காது. ஸ்டென்ட் வைத்தால் அடைப்பு திறக்கும். செத்த தசை திரும்பாது. இதயத்தசை தன்னைப் புதுப்பித்துக்கொள்வதே இல்லை என்று சொல்லவும் முடியாது. ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தார் 2009-இல் அதை அளந்து காட்டினார்கள். அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் கலந்த கார்பன்-14-ஐ வைத்துச் செல்களின் வயதைக் கணித்தபோது, 25 வயதில் ஆண்டுக்கு சுமார் 1 சதவீதமும் 75 வயதில் 0.45 சதவீதமும் புதிதாகின்றன என்று தெரிந்தது. ஒரே நாளில் கால்வாசி போன இதயத்துக்கு இந்த வேகம் எதற்கும் உதவாது.

முதலில் நம்பிக்கை வைத்தது எலும்பு மஜ்ஜை மீது. அந்தக் கதையைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். ஒரே மருத்துவ இதழின் 2006 வெளியீடு ஒன்றில் இரண்டு சோதனைகள் அடுத்தடுத்து வந்தன. பிராங்க்பர்ட் தலைமையிலான 204 நோயாளிகளின் சோதனையில் இஎஃப் 5.5 புள்ளி ஏறியது, போலி ஊசி பெற்றவர்களுக்கு 3.0. ஆஸ்லோவின் 100 நோயாளிகளின் சோதனையில் பலனே இல்லை. மஜ்ஜையைப் பிரித்து ராத்திரி முழுக்க எந்தத் திரவத்தில் வைத்தார்கள் என்பதே வித்தியாசத்துக்குக் காரணம் என்று பிராங்க்பர்ட் குழு மறுவருடம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சோதித்து வாதிட்டது. கேட்க வேண்டிய வாதம்தான். ஆனால் அடுத்து வந்த சோதனைகள் கைகொடுக்கவில்லை. 3,000 பேரைச் சேர்க்கத் திட்டமிட்ட ஐரோப்பியச் சோதனை 375 பேரோடு நின்றது. 2020-இல் வெளியான அதன் முடிவில் இரண்டாண்டு இறப்பு செல் பெற்றவர்களில் 3.26 சதவீதம், பெறாதவர்களில் 3.82. இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். அடிப்படைக் காரணம் 2004-லேயே தெரிந்திருந்தது: மஜ்ஜைச் செல் இதயத்தசையாக மாறுவதில்லை என்று இரண்டு குழுக்கள் தனித்தனியே எலிகளில் நிறுவியிருந்தன. மாறுகிறது என்று சொன்ன ஆய்வுவரிசையில் 31 கட்டுரைகளைத் திரும்பப் பெறும்படி ஹார்வர்ட் 2018-இல் கேட்டுக்கொண்டது.

மஜ்ஜையிலிருந்து தசை வராது என்றால், தசையையே வளர்த்து உள்ளே வைக்க வேண்டும். சியாட்டில் குழு பிடித்த வழி அதுதான்.

தசையைச் செய்வது, உள்ளே வைப்பது

தொடக்கப் பொருள் பன்முகத் திறன் கொண்ட ஸ்டெம் செல். கருவிலிருந்து எடுத்ததாக இருக்கலாம், வளர்ந்தவரின் தோல் அல்லது ரத்தச் செல்லைத் திருப்பி இளமையாக்கியதாகவும் இருக்கலாம். அதை இதயத்தசையாக்க, கருவில் நடப்பதையே தட்டில் நடத்த வேண்டும். விண்ட் என்ற சமிக்ஞையை முதலில் ஏற்றி, பிறகு சரியான நாளில் இறக்க வேண்டும். விஸ்கான்சின் குழு 2012-இல் வெளியிட்ட முறை பல ஆய்வகங்களில் புழங்குகிறது. முதல் நாள் சிஎச்ஐஆர்99021 என்ற சிறு மூலக்கூறை 6 முதல் 12 மைக்ரோமோல் செறிவில் கொடுப்பார்கள். மூன்றாம் நாள் ஐடபிள்யூபி2-ஐ 5 மைக்ரோமோல் அளவில் சேர்த்து விண்டை அடக்குவார்கள். ஊடகம் ஆர்பிஎம்ஐ 1640. அதில் சேர்க்கும் பி27 கலவையில் முதல் ஏழு நாளுக்கு இன்சுலின் இருக்கக் கூடாது. எட்டாம் நாளுக்கும் பன்னிரண்டாம் நாளுக்கும் இடையே மைக்ரோஸ்கோப்பின் கீழ் தட்டின் ஒரு மூலை சுண்டும். மறுநாள் தட்டு முழுக்கத் துடிக்கும்.

இதில் கை தவறும் இடங்கள் தெரிந்தவை. சிஎச்ஐஆரின் சரியான செறிவு ஒவ்வொரு செல் வரிசைக்கும் வேறு. ஒரு மைக்ரோமோல் கூடினாலே செல்கள் கொத்தாகச் சாகலாம், குறைந்தால் வேறு திசுவாகத் திரும்பிவிடலாம். விதைக்கும்போது செல் அடர்த்தி சரியில்லை என்றால் நல்ல வரிசையும் துடிக்காது. எல்லாம் சரியாக நடந்தாலும் தட்டில் தசை மட்டும் இருப்பதில்லை, நாரணுக்களும் வேறு செல்களும் கலந்திருக்கும். அவற்றைக் களைய அழகான ஓர் உபாயம் இருக்கிறது. ஜப்பானின் கெய்யோ பல்கலைக்கழகத்தார் 2013-இல் காட்டியது அது. குளுக்கோஸே இல்லாத ஊடகத்தில் 4 மில்லிமோல் லாக்டேட் மட்டும் சேர்த்துச் சில நாள் வைத்தால், இதயத்தசை லாக்டேட்டை எரித்துப் பிழைத்துக்கொள்ளும், மற்றவை பட்டினியில் சாகும். கடைசியில் ட்ரோபோனின்-டி புரதத்துக்குச் சாயமேற்றி எத்தனை சதவீதம் தசை என்று எண்ணுவார்கள். மாறாமல் தங்கிய ஸ்டெம் செல் கொஞ்சம் இருந்தாலும் உள்ளே போய்க் கட்டியாகலாம் என்பதால் அதையும் தனியே தேடுவார்கள்.

உள்ளே வைப்பது இதைவிடக் கடினம். தழும்பில் ரத்த ஓட்டம் குறைவு, ஆக்சிஜன் குறைவு. செலுத்திய செல்களில் பெரும்பகுதி முதல் சில நாளிலேயே செத்துப்போகும். துடிக்கும் இதயத்தில் ஊசித்துளை வழியாக ஒரு பங்கு வெளியே வழியும், இன்னொரு பங்கு சிரைகளில் கழுவப்பட்டு நுரையீரலுக்குப் போகும். மரியின் குழு 2007-லேயே இதற்கு ஒரு தற்காப்புக் கலவை செய்தது. செலுத்தும் முன் செல்களுக்குச் சூட்டு அதிர்ச்சி, பிறகு மேட்ரிஜெல் என்ற புரதக் கூழ், இன்சுலின் போன்ற வளர்காரணி, சைக்ளோஸ்போரின் என்ற மருந்து, செல் தற்கொலையைத் தடுக்கும் இரண்டு பெப்டைடுகள், பினாசிடில் என்ற இன்னொரு மருந்து. ஒவ்வொன்றும் சாவின் ஒவ்வொரு வழியை அடைக்கிறது. தனியே கொடுத்தால் எதுவும் போதவில்லை, சேர்த்துக் கொடுத்தபோதுதான் ஒட்டு தங்கியது. இதை நினைவில் வையுங்கள், இதே பாடம் பின்னால் மரபணுவிலும் வரும்.

மனிதச் செல் குரங்கின் உடலில் தங்க வேண்டும் என்றால் எதிர்ப்புச் சக்தியையும் அடக்கியாக வேண்டும். அதே குழு 2014-இல் குரங்குகளில் செய்த சோதனையில் அதற்காக சைக்ளோஸ்போரின், மீதைல்பிரெட்னிசோலோன், அபடாசெப்ட் மூன்றும் கொடுத்தார்கள்.

2014: முதல் எச்சரிக்கை

தாளக்கேட்டைப் பெரிய விலங்கில் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது அந்த 2014 சோதனைதான். குரங்கின் இடது முன் இறங்கு தமனியைப் பலூனால் 90 நிமிடம் அடைத்துத் திறந்தார்கள். இரண்டு வாரம் கழித்து மார்பைத் திறந்து, தழும்பிலும் அதன் ஓரத்திலும் 100 கோடி செல்களை ஊசியால் பிரித்துப் போட்டார்கள். செல்களுக்குள் முன்பே ஒரு மரபணு வைக்கப்பட்டிருந்தது: கால்சியம் ஏறும்போதெல்லாம் ஒளிரும் புரதம். இதயத்தை வெளியே எடுத்துப் பார்த்தபோது ஒட்டு முழுக்கப் பச்சையாக மினுக்கியது, அந்த மினுக்கல் குரங்கின் இசிஜியோடு அச்சாகப் பொருந்தியது. தழும்பில் சராசரியாக 40 சதவீதம் மறுபடி தசையாகியிருந்தது. மனிதத் தசையும் குரங்குத் தசையும் மின்சார இணைப்புப் போட்டுக்கொண்டு ஒன்றாகத் துடித்தன.

ஆனால் செல் பெற்ற குரங்கு ஒவ்வொன்றுக்கும் தாளக்கேடு வந்தது. இந்தத் தாளக்கேடு வரும் விதம் பின்னர் பன்றிகளிலும் திரும்பத் திரும்பத் தெரிந்தது. முதல் வாரத்தில் தலைகாட்டும். அடுத்த ஒன்றிரண்டு வாரத்தில் உச்சத்துக்குப் போகும். பிழைத்த விலங்கில் அடுத்த வாரங்களில் தானாகக் குறையும். நிரந்தர நோயில்லை, ஆனால் அந்தச் சில வாரங்களில் ஒரு துடிப்பு கீழறை நடுக்கமாகத் திரும்பினால் விலங்கு செத்துவிடும்.

இவ்வளவு பெரிய விஷயம் அதற்கு முன் ஏன் தெரியவில்லை? எலிகளில் வருடக்கணக்காக இந்தச் செல்களைப் போட்டவர்கள் இருந்தார்கள். கினிப் பன்றியில் 2012-இல் செய்தபோது ஒட்டு தாளத்தைக் காப்பாற்றியதாகக்கூடத் தெரிந்தது. விடை விலங்கின் நாடியில் இருக்கிறது. சுண்டெலியின் இதயம் நிமிடத்துக்கு 500-க்கு மேல் துடிக்கும். கினிப் பன்றிக்கு 200-க்கு மேல். மனித ஒட்டு தன் பங்குக்கு எவ்வளவு வேகமாகத் துடிக்க முயன்றாலும், அதற்குள் விலங்கின் அடுத்த அலை வந்து அதை மூழ்கடித்துவிடும். குரங்கும் பன்றியும் நம்மைப் போல மெதுவாகத் துடிப்பவை. இரண்டு துடிப்புக்கு நடுவே இருக்கும் இடைவெளியில் ஒட்டு தன் குரலை உயர்த்த இடம் கிடைக்கிறது. எலியில் பாதுகாப்பு என்று முடிவு எழுதி நேரே மனிதனுக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைக்கவே மனம் பதறுகிறது.

விசாரணை: சுற்றா, ஊற்றா?

கீழறைத் தாளக்கேட்டுக்கு இரண்டு முக்கியக் காரணங்கள் உண்டு. ஒன்று சுற்று: தழும்புக்கும் தசைக்கும் நடுவே மின் அலை வழி தெரியாமல் வட்டமாகச் சுழல்வது. மாரடைப்பு வந்தவர்களுக்கு வருடங்கள் கழித்து வரும் தாளக்கேடு பெரும்பாலும் இந்த வகை. மற்றது ஊற்று: இதயத்தின் இயல்பான துடிப்பைத் தொடங்கும் சைனஸ் கணு போல, ஏதோ ஓரிடம் தானாகவே துடிப்பைக் கிளப்புவது. இரண்டுக்கும் சிகிச்சை வேறு வேறு என்பதால் எது என்று தெரிந்தே ஆக வேண்டும். ஊகத்துக்குச் சுற்றுதான் பொருந்துவது போலத் தெரிந்தது. தழும்புக்குள் தீவுத் தீவாகப் புதுத் தசை, நடுவே நார். அலை சுழல இதைவிட வசதியான இடம் கிடைக்காது.

சோதனை வேறு சொன்னது. கத்தீட்டர் வைத்துக் கீழறையின் மின் வரைபடம் எடுத்தபோது, தாளக்கேட்டின் ஒவ்வொரு துடிப்பும் ஒரே புள்ளியில் தொடங்கிக் குளத்தில் கல் விழுந்தது போல வெளிநோக்கிப் பரவியது. அந்தப் புள்ளி ஒட்டு இருந்த இடம். 2019-இல் டொரண்டோவில் பன்றிகளில் செய்த வரைபடமும் அதையே காட்டியது. அடுத்து, இதயத்தை வெளியிலிருந்து வேகமாகத் தூண்டிப் பார்த்தார்கள். சுற்றாக இருந்தால் அந்தத் தூண்டல் வட்டத்துக்குள் புகுந்து அதை உடைத்திருக்கும். இங்கே தூண்டலை நிறுத்தியதும் ஒட்டு விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்கியது. மின் அதிர்ச்சியும் அதை நிறுத்தவில்லை. ஆக, ஊற்று. ஒட்டுப்போட்ட மாங்கன்றில் ஒட்டுக்கிளை தன் போக்கில் தனியே பூப்பது போல, புதுத் தசை தனக்கென ஒரு பேஸ்மேக்கரை நடத்திக்கொண்டிருந்தது.

இது தெரிந்ததும் மருந்துகளின் பட்டியல் சுருங்கியது. 2021-இல் சியாட்டில் குழு பன்றிகளில் பல தாளமருந்துகளைச் சோதித்து, அமியோடரோனும் ஐவாபிரடினும் சேர்ந்த ஜோடியைத் தேர்ந்தது. ஐவாபிரடின் சைனஸ் கணுவில் நாடியை மெதுவாக்கும் மருந்து. கீழறையில் கிளம்பிய தாளக்கேட்டை அது குறைத்தது என்பதே, ஒட்டு சைனஸ் கணு போல நடந்துகொள்கிறது என்பதற்கு இன்னொரு சாட்சி. ஜோடி மருந்து ஆபத்தைக் கணிசமாகக் குறைத்தது. ஆனால் ஐவாபிரடின் நோயாளியின் சொந்த நாடியையும் மெதுவாக்கும், அமியோடரோன் தைராய்டையும் நுரையீரலையும் பாதிக்கக் கூடும். பழுதான இதயம் உள்ளவருக்கு வாரக்கணக்கில் இரண்டையும் ஓட்டுவது லேசான காரியமல்ல.

நான்கு மரபணுக்கள்

தட்டில் துடிக்கும் செல்லை ஆய்வகத்தில் பார்த்து மகிழ்கிறோமே, சிக்கலின் வேரே அந்தத் துடிப்பில்தான் இருக்கிறது. வளர்ந்த கீழறைச் செல் தானாகத் துடிக்கவே துடிக்காது. வெளியிலிருந்து அலை வரும்வரை அசையாமல் காத்திருப்பதுதான் அதன் வேலை. தட்டில் வளர்ந்த செல் தானாகத் துடிக்கிறது என்றால் அது கருவின் செல் போல இன்னும் பக்குவப்படாமல் இருக்கிறது என்று பொருள்.

செல்லுக்குள் நடப்பதைக் கிட்டப் பார்க்கலாம். வளர்ந்த கீழறைச் செல்லின் உள்பக்கம் ஓய்வில் மைனஸ் 85 மில்லிவோல்ட் அளவில் இருக்கும். அங்கே அதைப் பிடித்து வைத்திருப்பது கேசிஎன்ஜே2 என்ற மரபணு தரும் பொட்டாசியம் வாய்க்கால். படகைக் கரையில் கட்டிய கயிறு போல. பக்குவப்படாத செல்லில் இந்த வாய்க்கால் மிகக் குறைவு. கயிறு தளர்ந்த படகு மெல்ல நகர்கிறது. நகர்த்துவது மூன்று. எச்சிஎன்4 வாய்க்கால், ஓய்வு நிலையிலேயே திறந்து சோடியத்தைக் கசியவிடும். சைனஸ் கணுவின் தனிக்கருவி இது, ஐவாபிரடின் அடைப்பதும் இதைத்தான். சிஏசிஎன்ஏ1எச் தரும் டி-வகைக் கால்சியம் வாய்க்கால், குறைந்த மின்னழுத்தத்திலேயே திறந்துகொள்ளும். எஸ்எல்சி8ஏ1 தரும் பரிமாற்றி, ஒரு கால்சியத்தை வெளியே தள்ள மூன்று சோடியத்தை உள்ளே வாங்கும். கணக்கில் ஒவ்வொரு முறையும் ஒரு நேர் மின்னூட்டம் உள்ளே மிஞ்சும். இந்தச் சொட்டுகள் சேர்ந்து எல்லையைத் தொட்டதும் செல் துடிக்கும். பிறகு மறுபடி முதலிலிருந்து.

செலுத்திய செல்கள் இதயத்துக்குள் வாரம் வாரமாகப் பக்குவப்படும்போது எந்த வாய்க்கால் கூடுகிறது, எது குறைகிறது என்று குழு முதலில் பட்டியலிட்டது. தாளக்கேடு தானாக அடங்குவதும் வாய்க்கால்கள் மாறுவதும் ஒரே காலத்தில் நடந்தன. சந்தேகப் பட்டியல் அங்கிருந்து வந்தது. பிறகு ஸ்டெம் செல்லிலேயே மரபணுவைத் திருத்தி, அதிலிருந்து இதயத்தசை வளர்த்து, பன்றியில் வைத்துப் பார்த்தார்கள்.

விடை நான்கு மாற்றங்களும் சேர்ந்த வரிசையில் கிடைத்தது. எச்சிஎன்4, சிஏசிஎன்ஏ1எச், எஸ்எல்சி8ஏ1 மூன்றையும் நீக்கி, கேசிஎன்ஜே2-ஐ மிகையாக்கிய அந்த வரிசைக்கு மெடூசா என்று பெயர். 2023-இல் வெளியானது. மெடூசாத் தசை தட்டில் துடிக்காது. மின்முனையால் தூண்டினால் சுருங்கும், விட்டால் நிற்கும். பன்றியின் இதயத்தில் வைத்தபோது ஒட்டிக்கொண்டது, பக்கத்துத் தசையோடு இணைந்து துடித்தது, தொடர்ந்த தாளக்கேட்டைக் கிளப்பவில்லை. பக்குவமின்மைதான் மூலம் என்ற கருதுகோளுக்கு இதைவிட நேரடியான சான்று கேட்க முடியாது.

இங்கே இரண்டு விஷயங்களை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒன்று, அந்தப் பன்றிகளின் இதயம் மாரடைப்பு வராத நல்ல இதயம். ஊற்று அடங்கியது என்று நிரூபிக்க அதுவே சரியான மாதிரி, ஏனென்றால் தழும்பின் குழப்பம் இல்லை. ஆனால் நோயாளிக்குத் தழும்பு உண்டு. ஊற்று போன பிறகு, தழும்புக்குள் மெதுவாக மின்சாரம் கடத்தும் அசையாத் தசைத் தீவுகள் சுற்றுக்கு வழி போடுமா என்பது தனிக் கேள்வி. இரண்டு, எஸ்எல்சி8ஏ1 பரிமாற்றி வளர்ந்த செல்லில் கால்சியத்தை வெளியேற்றும் முக்கிய வாசல். அதை நிரந்தரமாக அடைத்த செல் வருடக்கணக்கில் எப்படிச் சுருங்கி விரியும் என்பதை மாதக் கணக்கிலான சோதனை சொல்லிவிடாது.

உற்பத்திக் கோணத்திலும் ஒரு சிரமம் உண்டு. ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒற்றைச் செல்லிலிருந்து புது வரிசை வளர்த்தெடுக்க வேண்டியிருக்கும். ஸ்டெம் செல்கள் நீண்ட நாள் வளர்ப்பில் 20-ஆவது குரோமோசோமின் ஒரு துண்டைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்வது அடிக்கடி காணப்படும் பிழை. அந்தத் துண்டில் செல்லைச் சாகவிடாத மரபணு இருக்கிறது. தட்டில் அது வேகமாக வளரும் நல்ல வரிசை போலவே தெரியும். நான்கு சுற்றுத் திருத்தம் என்றால் இந்தப் பிழை நுழைய நான்கு கூடுதல் வாய்ப்பு. ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் குரோமோசோம் பரிசோதனை செய்யாமல் அடுத்ததற்குப் போகக் கூடாது.

செல் இல்லாமலும் அதே சாவு

இத்தாலியில் பீசாவும் ட்ரியஸ்தும், லண்டனில் கிங்ஸ் கல்லூரியும் சேர்ந்து 2019-இல் வெளியிட்ட பன்றிச் சோதனை வேறு வழியில் போனது. வெளியிலிருந்து செல் எதுவும் வைக்கவில்லை. இதயத்தில் மிச்சமிருக்கும் செல்லையே மறுபடி பிரியவைக்க, மரபணுக்களின் வேலையைக் கட்டுப்படுத்தும் சிறு ஆர்என்ஏ ஒன்றை (மனித மைக்ரோ ஆர்என்ஏ-199ஏ) அடினோ சார்ந்த வைரஸ் 6-ஆம் வகையில் ஏற்றித் தழும்பின் ஓரத்தில் செலுத்தினார்கள்.

முதல் மாதம் எல்லோரும் காத்திருந்த முடிவு. தழும்பு சுருங்கியது, தசை கூடியது, சுருக்கம் மேம்பட்டது. வளர்ந்த இதயத்தசை பின்னோக்கிப் போய் இளமையாகிப் பிரிவது பெரிய பாலூட்டியில் முதன்முறையாகத் தெளிவாகத் தெரிந்தது. பிறகு, தொடர்ந்து வளர்த்த பத்துப் பன்றிகளில் ஏழு திடீரென்று செத்தன. உடலில் வைத்த சிறு இசிஜி பதிவுக் கருவிகளைப் படித்தபோது, முன்னெச்சரிக்கை எதுவும் இல்லாமல் வேகத் துடிப்பு வந்து நடுக்கமாக மாறியிருந்தது. இதயத்தை வெட்டிப் பார்த்தபோது, தசையாகவும் இல்லாத வேறாகவும் இல்லாத, பிரிந்துகொண்டே இருக்கும் செல்கள் கொத்துக் கொத்தாக ஊடுருவியிருந்தன.

ஆக, மூலம் வேறு, முடிவு ஒன்று. பிழை மைக்ரோ ஆர்என்ஏ-வில் இல்லை, வண்டியில் இருந்தது. அடினோ சார்ந்த வைரஸ் கொண்டுபோகும் மரபணு பிரியாத செல்லில் வருடக்கணக்கில் தங்கி வேலை செய்யும். ரத்தம் உறையாமை போன்ற பரம்பரை நோய்க்கு அதுதான் அதன் பெருமை. இங்கே தேவைப்பட்டதோ சில நாள் ஏவல் மட்டும். நிறுத்தும் பொத்தான் இல்லாத வண்டியில் அந்த ஏவலை ஏற்றினார்கள். அதே ஆய்வாளர்கள் 2017-லேயே சுண்டெலியில் செயற்கை மைக்ரோ ஆர்என்ஏ-வைக் கொழுப்புத் துகளில் ஒரே தடவை கொடுத்துப் பலன் பார்த்திருந்தார்கள். அது சில நாளில் கரைந்துபோகும். பன்றிக்குப் பிறகு அந்தப் பாதைதான் பொருளுள்ளது.

எதிர்க்கோடியையும் மனிதர்கள் பார்த்துவிட்டார்கள். இதயச் செயலிழப்பு உள்ள 250 பேருக்கு அதே வைரஸின் 1-ஆம் வகை வழியாக, செல்லுக்குள் கால்சியத்தைச் சேமிப்பறைக்குத் திருப்பும் பம்பைத் தரும் செர்கா2ஏ மரபணுவைத் தமனிக்குள் கொடுத்த சோதனையின் முடிவு 2016-இல் வந்தது. பலன் இல்லை. கிடைத்த இதயத்திசு மாதிரிகளில் போய்ச் சேர்ந்த மரபணு மிகச் சொற்பம். ஒன்றில் சேரவே இல்லை, இன்னொன்றில் சேர்ந்தது அடங்கவில்லை.

நோயாளியின் பக்கம்

மனிதர்களில் சோதனை தொடங்கிவிட்டது. ஜப்பானின் ஹார்ட்சீட் நிறுவனம், செல்களைச் சிறு உருண்டைகளாகத் திரட்டி, பைபாஸ் அறுவையின்போது தசைக்குள் செலுத்துகிறது. குறைந்த அளவு 5 கோடி, கூடிய அளவு 15 கோடி. குரங்குக்குக் கொடுத்த 75 கோடியோடு ஒப்பிட்டால் எவ்வளவு எச்சரிக்கையான அளவு என்று புரியும். ஜெர்மனியின் கோட்டிங்கன் குழு ஊசியையே விட்டுவிட்டு, தசையும் நாரணுவும் கலந்து வளர்த்த ஒட்டுத்துணியை இதயத்தின் மேற்பரப்பில் தைக்கிறது. கடும் இதயச் செயலிழப்பு கொண்ட 46 வயதுப் பெண்ணுக்கு மொத்தம் 40 கோடி செல் கொண்ட பத்து ஒட்டுகளை வைத்து, மூன்று மாதம் கழித்து மாற்று இதயம் கிடைத்தபோது பழைய இதயத்தை ஆராய்ந்ததில் ஒட்டு உயிரோடு, ரத்தக்குழாய்களோடு இருந்தது. 2025 ஜனவரியில் அந்த முடிவு வந்தது.

இந்தியாவில், ரத்த நோய்களுக்கான மஜ்ஜை மாற்று போன்ற அங்கீகரித்த பயன்பாடு தவிர, ஒப்புதல் பெற்ற சோதனைக்கு வெளியே எந்த ஸ்டெம் செல் ஊசியும் முறையற்றது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் 2017 வழிகாட்டி தெளிவாகச் சொல்கிறது. பணம் கட்டிப் போட்டுக்கொள்ளும் 'இதய ஸ்டெம் செல்' ஊசி எதுவானாலும் அது மேலே சொன்ன வேலை எதிலும் சேராது.

ஒப்புதல் பெற்ற சோதனையில் சேர அழைப்பு வந்தால், படிவத்தில் இஎஃப் எவ்வளவு ஏறும் என்பதைவிட முதலில் தேட வேண்டியவை வேறு. செல் எத்தனை கோடி, அதில் தசை எத்தனை சதவீதம்? மரபணு என்றால் எத்தனை நாள் வேலை செய்யும், நிறுத்த வழி உண்டா? முதல் ஆறு வாரம் இசிஜி இரவும் பகலும் பதிவாகுமா, அல்லது வாரத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரியில் பத்து நிமிடம் மட்டுமா? ஆபத்தான தாளக்கேட்டை மின் அதிர்ச்சி கொடுத்து நிறுத்தும் ஐசிடி கருவியை உடலுக்குள் முன்பே வைக்கிறார்களா? வைத்தாலும், ஊற்றாகக் கிளம்பும் துடிப்பை அதிர்ச்சி நிறுத்தாது என்பதைக் கணக்கில் எடுத்து அதன் அமைப்பை மாற்றியிருக்கிறார்களா? இல்லாவிட்டால் கருவி நிற்காத துடிப்பின் மேல் திரும்பத் திரும்ப அதிர்ச்சி கொடுத்துக்கொண்டே இருக்கும், நோயாளி முழு நினைவோடு அதைத் தாங்க வேண்டியிருக்கும்.